வாரம் இரண்டு நாள் இலத்தீனும் யூக்ளிடும்: டல்லாஸில் ஒரு கத்தோலிக்க வீட்டுக்கல்வி மையத்தோடு எங்கள் அனுபவம்

டல்லாஸ் பக்கம் குடியேறும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் யாராவது ஒருவர் மாதம் தவறாமல் கேட்டுவிடுவார்கள்: "அக்கா, உங்க பிள்ளைங்க போற அந்த சென்டர் எப்படி?" மூத்தவள் நான்காம் வகுப்பில் அங்கே சேர்ந்து பன்னிரண்டாவதை முடித்து, இப்போது கல்லூரியில் இருக்கிறாள். இளையவன் எட்டாவது படிக்கிறான். மையத்தின் பெயரை நேரில் கேட்பவர்களுக்குச் சொல்வேன். இங்கே அனுபவத்தை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். அது பள்ளிக்கூடம் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் பங்கு அரங்கில் வகுப்பு, மற்ற நாட்களில் வீட்டில் படிப்பு. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1994இல் லீப்பர் வழக்கில் வீட்டுக்கல்வியைத் தனியார் பள்ளிக்குச் சமமாக ஏற்றுக்கொண்டது. அதனால் இங்கே பதிவும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு ஆகியவற்றை முறையாகக் கற்பித்தால் போதும். பிள்ளை ஏற்கெனவே அரசுப் பள்ளியில் இருந்தால் விலகல் கடிதம் கொடுத்துவிடுங்கள். உயர்நிலை வகுப்புகளுக்கான மதிப்பெண் பட்டியலை மையம் தராது. அதை நீங்களே தயாரித்துக் கையெழுத்திட வேண்டும். நம் ஊர்ப் பெற்றோர் பலர் தயங்குவது இந்த இடத்தில்தான். ஆனால் கல்லூரிகளுக்கு இது பழகிப்போன விஷயம். என் மகளின் பட்டியலை யாரும் சந்தேகத்தோடு பார்க்கவில்லை.

மையம் உருவான கதையை அதைத் தொடங்கிய தாய்மாரே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு தொலைதூரப் பாடத்திட்டத்தை வைத்திருந்தார்கள். சிலர் வர்ஜீனியாவின் சீட்டன், சிலர் 1980இல் கலிஃபோர்னியாவின் நாப்பாவில் தொடங்கிய கோல்பே அகாடமி, சிலர் லாரா பெர்க்விஸ்ட் 1995இல் ஓஹாயில் தொடங்கிய மதர் ஆஃப் டிவைன் கிரேஸ். புத்தகமும் கால அட்டவணையும் தபாலில் வந்துவிடும். ஆனால் தர்க்கமும் விவாதமும் ஒரு தாயும் ஒரு பிள்ளையும் உட்கார்ந்து நடத்தக்கூடியவை அல்ல, எதிர்த்துக் கேட்க வேறு பிள்ளைகள் வேண்டும். அதற்காக ஒரு வீட்டு ஹாலில் கூடினார்கள். இடம் போதாமல் போனதும் பங்குத்தந்தை அரங்கைத் திறந்துவிட்டார். அமெரிக்க ஆயர்கள் 2002இல் இதே டல்லாஸில் கூடி ஏற்றுக்கொண்ட சிறார் பாதுகாப்பு விதிகள் எங்களுக்கும் பொருந்தும். பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொருவருக்கும் பின்னணிச் சோதனையும் பயிற்சியும் உண்டு. இதில் மையம் யாருக்கும் விலக்கு அளித்ததில்லை, அது எனக்குப் பெரிய நிம்மதி.

கற்பிக்கும் முறைக்கு வேர், ஆங்கில எழுத்தாளர் டாரத்தி சேயர்ஸ் 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரை. இடைக்காலத்தின் இலக்கணம், தர்க்கம், சொற்கலை என்ற மூன்றையும் பிள்ளையின் வளர்ச்சிப் பருவங்களோடு இணைத்தவர் அவர். சின்னப் பிள்ளைகள் மேசை என்ற இலத்தீன் சொல்லின் வேற்றுமை வடிவங்களை "மென்சா, மென்சே, மென்சே, மென்சாம்" என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். எதிர்த்துப் பேசத் தொடங்கும் வயதில் அந்த வேகத்தைத் தர்க்கத்தில் செலுத்துகிறார்கள். என் மகன் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறான், சாப்பாட்டு மேசையில் யார் எதைச் சொன்னாலும் முன்கூற்று எது, முடிவு எது என்று பிரிக்கிறான்.

எனக்கு மிகவும் பிடித்தது யூக்ளிட் வகுப்பு, அதாவது பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்ளிடின் வடிவியல் நூலைப் படிக்கும் வகுப்பு. புத்தகத்தை மூடிவிட்டு ஒரு பிள்ளை பலகைக்கு வர வேண்டும். ஒருமுறை நான் பின்னால் உட்கார்ந்திருந்தபோது முதல் புத்தகத்தின் 47ஆம் தேற்றம் நடந்தது, நாம் பைத்தகோரஸ் என்று படித்தது. ஒரு பெண் செங்கோண முக்கோணம் வரைந்து, மூன்று பக்கங்களிலும் சதுரம் எழுப்பி, வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு பையன் கேட்டான், "இந்தக் கோடும் அந்தக் கோடும் ஒரே நேர்கோடு என்று எப்படிச் சொல்கிறாய்?" படத்தைப் பார்த்தால் நேராகத்தான் தெரிகிறது. ஆனால் தெரிவது நிரூபணம் ஆகாது. ஆசிரியர் வாயே திறக்கவில்லை. அந்தப் பெண் வெகுநேரம் யோசித்து, அடுத்தடுத்த இரண்டு கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணத்துக்குச் சமம் என்று காட்டி, 14ஆம் தேற்றத்தைச் சொல்லி மேலே போனாள். நான் பொறியியல் படித்தவள். அந்தக் கேள்வியை என் படிப்புக் காலத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

2020க்குப் பிறகு நிலைமை மாறியது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்வில், வீட்டுக்கல்விக் குடும்பங்கள் அந்த ஆண்டு வசந்தத்தில் 5.4 சதவீதமாக இருந்து இலையுதிர் காலத்தில் 11.1 சதவீதமாக உயர்ந்தன. எங்கள் மையத்திலும் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. சம்பளத்துக்கு ஆசிரியர்கள் வந்தார்கள், கட்டணம் ஏறியது. பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போகும் பெற்றோர் அதிகமானார்கள். வாரத் தேர்வையும் மதிப்பெண்ணையும் மையமே பார்த்துக்கொள்ளட்டும் என்ற கோரிக்கையும் வந்தது. நிர்வாகக் குழு மறுத்தது. திருத்துவதும் மதிப்பெண் போடுவதும் பெற்றோர் வேலை, இரண்டில் ஒரு நாளாவது தாயோ தந்தையோ கட்டடத்தில் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. சில நல்ல குடும்பங்கள் விலகின, வருத்தம்தான். ஆனாலும் அந்த முடிவு சரி என்றே உறுதியாக நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கல்வி பற்றிய அறிக்கையில் சொன்னது. அதை விட்டுக்கொடுத்தால் இந்த மையத்துக்கும் வாரத்தில் மூன்று நாள் மூடிக்கிடக்கும் பள்ளிக்கும் என்ன வித்தியாசம்?

குறைகள் உண்டு. அறிவியல் ஆய்வகம் இல்லை. வேதியியலை மகள் சமுதாயக் கல்லூரியில் படித்தாள். நுண்கணிதத்துக்கும் வெளியேதான் போக வேண்டியிருந்தது. வீட்டுப்பாடம் கனம், அதனால் தமிழுக்கு ஒதுக்கிய நேரம் பல வாரங்கள் காணாமல் போனது. இது எனக்கு இன்னும் ஆறாத குறை. கல்லூரி நுழைவுக்காக மகள் எஸ்ஏடி தேர்வு எழுதினாள், 2015இல் தொடங்கிய கிளாசிக் லேர்னிங் டெஸ்ட் என்ற இன்னொரு நுழைவுத் தேர்வும் எழுதினாள். இரண்டாவது இந்தப் பாடமுறைக்கு நெருக்கம், ஆனால் எல்லாக் கல்லூரிகளும் அதை ஏற்பதில்லை.

நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) வேலை அனுமதி இல்லாதவர்கள் அங்கே சம்பளத்துக்கு வகுப்பெடுக்க முடியாது. கட்டணத் தள்ளுபடிக்குப் பதிலாகக் கற்பிப்பதுகூட வேலையாகக் கருதப்படலாம். ஒப்புக்கொள்ளும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். இரண்டு பெற்றோரும் முழுநேர வேலையில் இருந்தால், பகலில் பிள்ளையோடு உட்கார ஆள் இல்லாதவரை, இதில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

சேர்வதற்கு முன் ஒரு காலை முழுக்க வகுப்புகளைப் பார்க்க அனுமதி கேளுங்கள், தருவார்கள். சின்னப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டு மயங்கி முடிவெடுக்காமல், எட்டாம் வகுப்புத் தர்க்கத்தில் போய் உட்காருங்கள். நான்கு வருடம் கழித்து உங்கள் பிள்ளை இருக்கப்போவது அந்த அறையில்தான்.