ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்

பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி, வலது பக்கத்தை வெட்டி எடுக்க நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு மூன்று வாரம் முன்பே பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார்கள். வெட்டுவதற்கு முன்னால் என்ன பயிற்சி என்று முனகிக்கொண்டேதான் குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினேன். குறையும் எழுதப் போவதால் நிலையத்தின் பெயரைப் போடவில்லை.

“அண்ணே, என்ன வேலைக்குப் போறீங்க?” அதுதான் பிசியோதெரபிஸ்டின் முதல் கேள்வி. ரப்பர் பால்வெட்டு என்றேன். குனிவது, மேடு ஏறுவது, வாளி தூக்குவது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஆறு நிமிடம் நடக்கவிட்டு தூரத்தை அளந்தார். தினமும் அரை மணி நேர நடை, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, மூன்று பந்து வைத்த மூச்சுக் கருவி என்று ஆரம்பித்தது. அந்தக் கருவியை வாங்கிய அன்றே மூச்சு முட்ட ஊதினேன். பந்து அசையவில்லை. கடைக்காரரிடம் சண்டைக்கே கிளம்பிவிட்டேன். ஊதக் கூடாதாம், மெதுவாக உறிஞ்ச வேண்டுமாம். வயிற்றில் தையல் இருப்பவர் வலிக்குப் பயந்து அரைகுறையாக மூச்சு இழுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தேங்கும், நிமோனியா வரை போகும். அதற்குத்தான் இந்தப் பந்து.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுப்பினார்கள். ஒருக்களித்துப் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கை ஊன்றி எழுந்தேன். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். எல்லாம் முன்பே பழகியது. பக்கத்துக் கட்டில்காரர் நேராக எழப் பார்த்து அலறினார். அவருக்கு நான்தான் வாத்தியார். நாலாம் நாள் காற்றுப் பிரிந்தது, குடல் மறுபடி வேலை செய்கிறது என்று அர்த்தம். கல்யாணத்தன்றுகூட என் மனைவி முகம் அப்படி மலர்ந்ததில்லை.

அப்புறம் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்தார், ஒரு தடவைக்கு 400 ரூபாய். ஆறு வாரம் தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது என்றார். அது முடிந்ததும் பால் வாளியிலேயே கால் வாளி தண்ணீர் ஊற்றித் தூக்கவைத்து, வாரா வாரம் கொஞ்சம் கூட்டினார். கத்தியே இல்லாமல் மரத்தடியில் வெட்டுவதுபோல் நிற்கவைத்து, “முதுகை வளைக்காதீங்க, முழங்காலை மடக்குங்க” என்றார். முப்பது வருடமாக வெட்டுகிறேன், இதை யாரும் சொன்னதில்லை.

குறை என்றால், நிலையம் மாடியில், படிக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி. நோயாளி வருகிற இடத்தில் இதுவா? மழை நாளில் இரண்டு தடவை ஆளையே காணோம், ஒரு போன்கூட இல்லை. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) எப்போது தின்னலாம் என்று கேட்டால் “டாக்டர்ட்ட கேளுங்க” என்று நழுவிவிடுவார். சரி, அது நியாயம்தான்.

இப்போது நாலாம் மாதம். நூறு மரத்தில் பால் வெட்டுகிறேன். வாளியை மகன் தூக்குகிறான்.