குளியலறைக் கசிவு: கோலாலம்பூரில் யாரைக் கூப்பிடலாம்?

அடுக்குமாடியில் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டு சீலிங்கில் இறங்கினால் கூப்பிட மூன்று வகை ஆள் உண்டு: தாமான் (குடியிருப்புப் பகுதி) வாட்ஸ்அப் குழுவில் நம்பர் கிடைக்கும் தனி ஆள், 'டைல்ஸ் உடைக்காமலே சரிசெய்வோம்' என்று விளம்பரம் போடுபவர், சிஐடிபியில் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிந்த குத்தகை நிறுவனம். விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். மூவரும் செய்யப்போவது ஒரே வேலையல்ல.

உடைக்காத வேலை பெரும்பாலும் பியூ (பாலியூரித்தேன்) ஊசிதான். கீழ்வீட்டு சிலாப்பில் விரிசலையொட்டிச் சாய்வாகத் துளையிட்டு ரசாயனத்தை அழுத்தி ஏற்றுவார்கள். தண்ணீர் பட்டதும் அது நுரைத்துப் பொங்கி அடைத்துக்கொள்ளும். சிலாப் விரிசல் மட்டும் என்றால் இது போதும். மேலே வாட்டர்புரூஃபிங் படலமே போயிருந்தால், ஸ்க்ரீட்டுக்குள் (டைல்ஸுக்கு அடியிலுள்ள சிமெண்ட் அடுக்கு) தேங்கிய தண்ணீர் இரண்டடி தள்ளி வேறு வழி பார்த்துக்கொள்ளும். உத்தரவாதம் ஊசி போட்ட இடத்துக்கா, மொத்தக் கசிவுக்கா என்று எழுத்தில் கேளுங்கள்.

குழாய், சிங்க், சிலிகான் வேலைக்குத் தனி ஆளை மிஞ்ச முடியாது. உடைத்துச் செய்வதிலும் சிலர் கெட்டிக்காரர்கள். ஃப்ளோர் டிராப்பை (தரைத் தண்ணீர் வடியும் வாய்) சுற்றி எப்படி அடைப்பார் என்று கேட்டுப் பாருங்கள்; குழாயும் சிமெண்டும் சேரும் அந்த இடத்தில்தான் பல கசிவுகள் தொடங்கும். சுற்றிலும் செதுக்கி, சுருங்காத கிரவுட் (இடைவெளி நிரப்பும் கலவை) இட்டு, ஃபைபர் வலை வைத்து, படலத்தைக் குழாய் வாய்க்குள் மடக்கிவிட வேண்டும். படலம் இரண்டு கோட், ஒன்றுக்குக் குறுக்கே மற்றது. சுவரில் 300 மி.மீ., ஷவர் பக்கம் 1,800 மி.மீ. ஏறட்டும். "சிமெண்ட்ல கலந்து பூசிடுவேன் அண்ணே" என்பவருக்கு ஒரு தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

நிறுவனத்தில் விலை கூடுதல். சிஐடிபி ஜி1 என்பது 2 லட்சம் ரிங்கிட் வரையிலான வேலைக்குரிய தரம், கைத்திறனுக்குச் சான்றல்ல. வருகிறவரும் பெரும்பாலும் சப்-கொன்ட்ராக்டர்தான். கூடுதல் காசுக்குக் கிடைப்பது எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) எண்ணும் முகவரியும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி, வக்கீல் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் யார் மீது, எந்த முகவரிக்கு என்று சொல்ல வேண்டுமே! வெறும் கைப்பேசி எண் அங்கே உதவாது.

யாரை வைத்தாலும் டைல்ஸ் ஒட்டும் முன் டிராப்பை அடைத்து, ஓர் அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்தி, கீழ்வீட்டில் போய்ப் பாருங்கள். பணத்தையும் இதனோடு கட்டிவிடுங்கள்: முன்பணம் 30 விழுக்காடு, சோதனை தேறியதும் அடுத்த தவணை, கடைசி 10 விழுக்காடு ஒரு மாதம் கழித்து.

கீழ்வீட்டுக்காரர் நீங்களானால் முதலில் மேனேஜ்மெண்ட் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். 2015 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி நிர்வாக) விதிப்படி 7 நாளுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் நிரூபணமாகும்வரை கசிவு மேல்வீட்டினுடையது என்றே கொள்ளப்படும்.

இன்னொன்று: ஹீட்டர் ஒயரிங்கை டைல்ஸ்காரரிடம் விடாதீர்கள். அதற்கு எரிசக்தி ஆணையத்தில் பதிந்த ஒயர்மேன் வேண்டும். ஹீட்டருக்கு 10 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) தனியாக இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.