கொழும்பில் அடுத்து எந்தப் பகுதி கைமாறும்? ஹட்டனிலிருந்து கணித்துப் பார்த்த அனுபவம்

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அறை பார்த்துக் கொடுப்பது, மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் ஆசிரியராக இருப்பவர்களுக்குத் தானாக வந்து சேரும் பொறுப்பு. வேலை வெள்ளவத்தைப் புடவைக் கடையிலோ புறக்கோட்டை மொத்த வியாபாரத்திலோ எங்கே கிடைத்தாலும், சம்பளத்தில் பாதியை விழுங்காத ஒரு போடிங் வேண்டும். அந்த வாடகை ஓரிரு வருடமாவது நிலைத்திருக்கவும் வேண்டும். இதற்காகத்தான் கூகுள் எர்த்தில் உள்ள பழைய செய்மதிப் படங்கள், 2016இல் இலங்கைக்கு வந்த கூகுளின் தெருக்காட்சி (Street View), வாடகை விளம்பரத் தளங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்து, கொழும்பின் எந்தப் பகுதி அடுத்து வசதி படைத்தவர்களிடம் போய்ச் சேரும் என்று சில ஆண்டுகளாகக் கணித்து வருகிறேன்.

ஜென்ட்ரிஃபிகேஷன் என்று சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964இல் லண்டனை வைத்து விவரித்த மாற்றம் இதுதான்: தொழிலாளர் குடியிருப்புகளை நடுத்தர வர்க்கத்தினர் வாங்கிப் புதுப்பிக்கிறார்கள், பழைய குடிகள் படிப்படியாக வெளியேறுகிறார்கள். இதை முன்கூட்டியே கணிக்கும் ஆய்வுகள் மேல்நாடுகளில் பல நடந்திருக்கின்றன. லண்டனின் 2001, 2011 குடிசன மதிப்பீடுகளைக் கணினிக்குக் கற்பித்து, 2021இல் எந்தப் பகுதிகள் உயரும் என்று கணித்த ஆய்வு 2018இல் வெளியானது. அமெரிக்காவில் ஐந்து நகரங்களின் தெருக்காட்சிப் படங்களை, 2007இலும் 2014இலும் எடுக்கப்பட்டவற்றை, ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வொன்று 2017இல் வந்தது. படித்தவர்கள் செறிந்திருக்கும் இடங்களும், நகர மையத்துக்கும் ஏற்கனவே நல்ல நிலையிலுள்ள பகுதிகளுக்கும் அருகிலுள்ள இடங்களுமே மேலும் மேம்படுகின்றன என்பது அதன் முடிவு. கடைகளுக்கு வாடிக்கையாளர் கருத்து எழுதும் யெல்ப் தளத்தில் பதிவாகும் புதிய கோப்பிக் கடைகளை வைத்து வீட்டு விலையின் போக்கை அறிய முயன்றவர்களும் உண்டு.

இவற்றை அப்படியே கொழும்பில் பொருத்த முயன்றால் முதல் தடையே குடிசன மதிப்பீடுதான். 2012க்குப் பிறகு அடுத்தது 2024 இறுதியில்தான் எடுக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நகரமே வேறொன்றாகிவிட்டது. கோப்பிக் கடைகளும் பெரிதாக உதவவில்லை. கொழும்பில் அவை வசதியானவர்கள் வாழும் கறுவாத்தோட்டத்தைச் சுற்றியே பெரும்பாலும் திறக்கப்படுகின்றன. மாறப்போகும் இடத்தில் கோப்பிக் கடை வருவதற்கு முன்பே கட்டட வேலைக்கான தகரவேலி வந்துவிடுகிறது.

உண்மையில் கைகொடுத்தது புவியியலாளர் நீல் ஸ்மித் 1979இல் முன்வைத்த வாடகை இடைவெளி என்ற கருத்துத்தான். ஒரு நிலம் இன்று ஈட்டித் தரும் வருமானத்துக்கும், வேறு விதமாகப் பயன்படுத்தினால் தரக்கூடிய வருமானத்துக்கும் இடையிலுள்ள தூரம் கூடக்கூட, அங்கே பணம் புகும் வாய்ப்பும் கூடும் என்கிறார் அவர். கொழும்பில் இந்த இடைவெளி மிக விரிந்திருக்கும் இடங்கள் எவை என்று படத்தில் தேடினால், வாவியோ கடலோ அருகிலிருக்க, மாடி எழும்பாத சிறு கூரைகள் நெருக்கமாகத் தெரியும் இடங்கள் கண்ணில் படும். பேரை வாவிக் கரையிலுள்ள கொம்பனித்தெரு அதற்குச் சரியான உதாரணம். பழைய படங்களை வருடவாரியாக நகர்த்திப் பார்த்தால், தகரக் கூரைகள் மறைந்து வெற்று மண் தோன்றுவதும், அங்கே கோபுரங்களின் அத்திவாரம் எழுவதும் தெளிவாகத் தெரிகின்றன. இந்த வேலைக்குச் செய்மதிப் படத்துக்கு நிகரில்லை.

ஆனால் கூரைக்குக் கீழே இருப்பவரிடம் உறுதி, அதாவது காணி உரிமைப் பத்திரம், இருக்கிறதா என்பதைப் படம் காட்டாது. கொழும்பில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான் என்பது என் முடிவு. நகர அபிவிருத்தி அதிகார சபை 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. லண்டன் தொழிலாளியை மெல்ல வெளியேற்றியது சந்தை. இங்கே அரசே அளந்து, அறிவித்து, குடிகளைத் தொடர்மாடிக்கு மாற்றுகிறது. எனவே வர்த்தமானி அறிவித்தல்களையும் அபிவிருத்தித் திட்ட வரைபடங்களையும் வாசிப்பவருக்கு, கணினி மாதிரி எதுவும் சொல்லாத விடயங்கள் முன்பே தெரிந்துவிடும். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தும் அதற்கு உறுதி பெறாதவர்களான நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அடுத்த குறை, விளம்பரத் தளங்களில் உள்ளது. அங்கே பதிவாவது உரிமையாளர் கேட்கும் தொகை மட்டுமே. அதைவிட, நம் பிள்ளைகள் தங்கும் அறைகள் பெரும்பாலும் அங்கே வருவதே இல்லை. அவை கடை முதலாளி, கோயில், ஊர்க்காரர் வழியாகக் கைமாறுகின்றன. மஸ்கெலியாவிலிருந்து போய்க் கொம்பனித்தெருவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒருவர் என்னிடம் சொன்னது, எந்தத் தளத்தையும்விடப் பயன்பட்டது: "சேர், நம்ம ஒழுங்கைய அளக்க வந்தாங்கன்னா, அடுத்த ஒழுங்கையில வாடகை ஏறிடும்." வெளியேற்றப்படும் வாடகைக் குடிகள் வேலைத்தலத்தை விட்டுத் தூரம் போக முடியாததால் பக்கத்திலேயே அறை தேடுகிறார்கள். அதனால் மாறப்போகும் பகுதியை மட்டும் பார்க்காமல், அதை ஒட்டிய பகுதியையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்றபோது, எல்லா அடையாளங்களும் பொருந்திய இடங்களில்கூடப் பாரந்தூக்கிகள் அசையாமல் நின்றன. வட்டி வீதமும் சீமெந்து விலையும் எந்த வரைபடத்திலும் இல்லை. எந்த இடம் என்பதை இந்த முறை ஓரளவு சொல்லும், எப்போது என்பதைச் சொல்லாது. வாடகைக்கு இருப்பவருக்கோ எப்போது என்பதுதான் முக்கியம்.

ஒரு சங்கடமும் உண்டு. நான் பார்க்கும் இதே படங்களைக் காணித் தரகர்களும் பார்க்கிறார்கள். காணியைப் பேர்ச் (நில அளவு) கணக்கில் வாங்கிப்போட அவர்களிடம் பணம் இருக்கிறது. அதனால் குறித்துவைத்த வரைபடத்தை நான் யாருக்கும் அனுப்புவதில்லை, கேட்டு வரும் பெற்றோரிடம் வாயால் சொல்வதோடு சரி.

தற்போது நான் கவனித்து வருவது 2021 நவம்பரில் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தின் கொழும்புப் பக்கம். ஒருகொடவத்தை, கிராண்ட்பாஸ் ஒழுங்கைகளில் இன்னும் கைக்கு எட்டிய வாடகைக்கு அறை கிடைக்கிறது. அங்கே அறை எடுப்பவர்களிடம், முற்பணத்தை ஆறு மாதத்துக்கு மேல் கட்ட வேண்டாம் என்றும், வீட்டுக்காரரிடம் உறுதி இருக்கிறதா என்று முதலில் கேட்கும்படியும் சொல்லி அனுப்புகிறேன்.