தையில் வாங்கி ஆடியில் எழுதுகிறேன்: கும்பகோணத்து வண்ணமீன் கடை ஒன்றின் மதிப்பீடு

வண்ணமீன் கடையைப் பற்றி வாங்கிய அன்றே கருத்து எழுதுவது, நாற்றங்காலைப் பார்த்துவிட்டுக் கண்டுமுதலைச் சொல்வதற்கு ஒப்பாகும். விளக்கு வெளிச்சத்தில், கடைத் தொட்டியில், எந்த மீனும் அழகாகத்தான் தெரியும். ஆகவே, தை மாதத்தில் கும்பகோணத்தில் உள்ள இக்கடையில் இரண்டடித் தொட்டி ஒன்றும் 12 நியான் டெட்ராக்களும் வாங்கிய நான், சித்திரை, வைகாசி வெயிலைக் கடந்து, ஏழு மீன்கள் எஞ்சியுள்ள இந்த ஆடியில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போன ஐந்தில் கடையின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில், இக்கடையின்மேல் எனக்கு மதிப்பு ஏற்பட்ட காரணம். நம் ஊர்களில் வண்ணமீனை ஜோடிக் கணக்கில் விற்பதே வழக்கம். கப்பியும் மோலியும் வாங்குகிறவர் ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று கேட்பதில் பொருள் இருக்கிறது. நியான் டெட்ரா, ஜீப்ரா டேனியோ, ராஸ்போரா போன்ற கூட்டமாக நீந்தும் சிறு மீன்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பத்துப் பதினைந்தாகச் சேர்ந்திருக்கும்போதுதான் அவை நடுத்தொட்டிக்கு வந்து திரியும். இரண்டாக விட்டால் செடியின் அடியில் ஒடுங்கி, நிறம் மங்கி, தீனிக்குக்கூட வெளியே வராமல் மெலியும். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு கடைக்காரர் எனக்கு ஒரே ஒரு ஜோடி நியானைச் சிரித்த முகத்தோடு கட்டிக் கொடுத்தார். பத்து நாளில் இரண்டும் போயின. இக்கடைக்காரரோ, "ஆறுக்குக் கீழே தரமாட்டேன் சார், பன்னிரண்டு எடுத்தால் நல்லது" என்றார். விற்பனைத் தந்திரம் என்றுதான் அன்று நினைத்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி தம் மகனுக்காக இரண்டே இரண்டு கேட்டபோது, விற்காமலே திருப்பி அனுப்பியதைக் கண்ட பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

இரண்டாவது காரணம், சரக்கைக் கையாளும் முறை. டெல்டா மாவட்டக் கடைகளுக்கு வரும் வண்ணமீன்களில் பெருமளவு சென்னை கொளத்தூரிலிருந்து வருபவை. ஆக்சிஜன் நிரப்பிய பைகளில், தெர்மாகோல் பெட்டிகளில், இரவு முழுவதும் பயணம் செய்து வந்து சேரும். இறங்கிய அன்றே விற்றுவிடும் கடையில் நாம் வாங்குவது களைத்துப்போன மீனை. இன்னும் வெளிப்படாத வெள்ளைப்புள்ளி நோயும் அதோடு கூடவே வீட்டுக்கு வரக்கூடும். இங்கே பின்கட்டில் தனித் தொட்டிகள் இருக்கின்றன. வந்த தேதியைச் சாக்பீஸால் கண்ணாடியில் எழுதி, ஒரு வாரம் கழித்தே முன்னால் கொண்டு வருகிறார்கள்.

தொட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 24, 12, 12 அங்குலம். கணக்குப்படி 56 லிட்டர், மணலும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் நிற்கும். ஒட்டு சுத்தமாக இருக்கிறது, கசிவில்லை. அதனோடு கொடுத்த வடிகட்டிதான் தவறான தேர்வு. அதன் இழுப்பும் வீச்சும் பெரிய கோல்டு ஃபிஷுக்கு ஏற்றவை. மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள நியான்கள் எதிர்நீச்சல் அடித்தே ஓய்ந்துபோகும். ஏர் பம்ப்பில் இயங்கும் ஸ்பாஞ்சு வடிகட்டி, விலையிலும் குறைவு, இவ்வகை மீனுக்குப் பொருத்தமும் அதுவே. கேட்டபின் மாற்றிக் கொடுத்தார்கள்.

மீனை அன்றே தராமல், தொட்டியை ஓடவிட்டு மூன்று வாரம் கழித்து வரச் சொன்னதைக் கடையின் நேர்மைக்குக் கணக்கு வைக்கிறேன். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நஞ்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேறுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அவை உணவின்றிப் பெருகா என்பதால் தினமும் சிட்டிகை தீனி போட்டு வரவும் சொன்னார்கள். ஆனால் அந்த வேலை முடிந்ததா என்று அறிய உதவும் அம்மோனியாச் சோதனைத் திரவத்தைக் கடையில் வைத்திருக்கவில்லை. பத்து வகைத் தீனியும், மூன்று நிற விளக்கும், பிளாஸ்டிக் கோட்டையும் அடுக்கியிருக்கும் இடத்தில் இது இல்லாதது எனக்குப் புரியவே இல்லை. நான் இணையத்தில் வாங்கி, ஐந்தாம் வாரத்தில்தான் மீனைக் கொண்டு வந்தேன்.

இனி, பெரிய குறை. இக்கடையில் எதைக் கேட்டாலும் பதில் கிடைக்கிறது. ஆனால் வாங்க வந்தவரின் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. காவிரிக் கரையில்தான் வாழ்கிறோம் என்றாலும் பலர் வீட்டுக் குழாயில் வருவது போர் தண்ணீர். என் வீட்டுத் தண்ணீரை, கரைந்துள்ள உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளந்தால் 820 காட்டுகிறது; பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் தண்ணீர் அது. கடைத் தொட்டியிலோ 140. நியான் டெட்ராவின் பூர்வீகம் அமேசான் படுகையில், சருகு ஊறி நிறம் மாறிய, உப்பு மிகக் குறைந்த ஓடைகள். இன்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை என்பதால் ஓரளவு கடினநீருக்கும் பழகிக்கொள்ளும். ஒரே நாளில் அல்ல. பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு மீனை விடச் சொன்னார்கள். அது வெப்பத்தைச் சமன் செய்யுமே தவிர உப்பைச் சமன் செய்யாது. முதல் ஐந்து நாளில் மூன்று மீன்கள் இறந்தன. அளந்து பார்க்கும் எண்ணம் எனக்கும் அதன் பிறகுதான் வந்தது என்பதால், இந்த மூன்றையும் கடைக்கும் எனக்கும் பாதிப் பாதியாகவே எழுதுகிறேன்.

அதன்பின் செய்ததைச் சொன்னால் இப்பகுதியில் பலருக்குப் பயன்படலாம். குடிப்பதற்கு வாங்கும் ஆர்ஓ கேன் தண்ணீர் எங்கள் ஊரில் 30 அளவில் இருக்கிறது. அதில் மூன்று பங்கும் போர் தண்ணீரில் ஒரு பங்கும் கலந்தால் ஏறக்குறைய 230 வரும். தொட்டியை ஒரேயடியாக மாற்றாமல், வாரம் இருமுறை ஐந்தைந்து லிட்டராக இந்தக் கலவையை ஊற்றி, இரண்டு மாதங்களில் மெல்ல இறக்கினேன். தெருவோரத்து வாதாமரத்தின் காய்ந்த இலை இரண்டைக் கழுவி உள்ளே போட்டேன். தண்ணீர் லேசாகப் பழுத்த நிறம் பெற்றது, மீன்களின் நீலக்கோடு மேலும் எடுப்பாகத் தெரிந்தது. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துவோர் குளோரின் நீக்கும் மருந்தை மறக்கலாகாது. அதைக் கடையில் கேட்காமலே எடுத்துக் கொடுக்கிறார்கள்.

(முதல் நாள் இரவு விளக்கைப் போட்டுப் பார்த்தபோது எல்லா மீன்களும் நிறமிழந்து வெளுத்திருந்தன. நோய் என்று பதறிக் கடைக்காரருக்குத் தொலைபேசியில் பேசினேன். நியான்கள் இருளில் நிறம் மங்குவது இயல்பு, காலையில் திரும்பிவிடும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். மணி அப்போது பத்தரை.)

சித்திரையில் வேறு சோதனை. நியானுக்கு உகந்தது 26 டிகிரி வரை. என் கூடத்துத் தொட்டி பிற்பகலில் 32 தொட்டது. நீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். மூடியை எடுத்துவிட்டு, துள்ளி விழாதபடி வலை போட்டு, மேசை விசிறியை நீர்ப்பரப்பின்மேல் வீசவிட்டதில் மூன்று டிகிரி இறங்கியது. ஆவியாகிக் குறைந்த அளவைக் கேன் தண்ணீரால் மட்டுமே நிரப்ப வேண்டும். ஆவியாவது நீர்தான், உப்பு தங்கிவிடும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றைத் தையிலேயே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். செலவைப் பார்த்து வேண்டாமென்றேன். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை முதல் மாலை வரை விசிறியும் இல்லை, பம்ப்பும் இல்லை, நான் அலுவலகத்தில். போன ஐந்தில் மீதி இரண்டும் அன்றுதான் போயின. அந்தப் பழி முழுவதும் என்னுடையது. பம்ப்பை மறுநாள் வாங்கினேன். அதன்பின் இருமுறை மின்சாரம் நின்றும் ஒன்றுக்கும் ஊறில்லை.

தீனியில் நுண்குருணை வகை நன்று. வாய் சிறிய மீன் என்பதால் பெரிய உருண்டைகளை வாங்க வேண்டியதில்லை. மருந்து அலமாரியில் பெயரும் அளவும் ஒட்டாத நீலநிறப் புட்டிகளைக் கண்டேன். எந்தக் கடையானாலும் அப்படிப்பட்டதைத் தொட வேண்டாம்.

இக்கடைக்கு ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். வீட்டுத் தண்ணீரில் ஒரு பாட்டில் கொண்டு வரச் சொல்லி, மேசைமேல் ஒரு டிடிஎஸ் மீட்டர் வைத்தால் நாலரை ஆக்கிவிடுவேன். இதை நேரிலும் சொன்னேன், தலையசைத்தார், சென்ற வாரம் வரை மீட்டரைக் காணவில்லை. புதிதாகத் தொடங்குவோர், குறிப்பாகக் கடலோரத்து உப்புத்தண்ணீர்க்காரர்கள், நியானைக் கேட்காமல் ஜீப்ரா டேனியோவைக் கேளுங்கள். அது தெற்காசியாவையே பூர்வீகமாகக் கொண்டது, நம் வெயிலையும் கடினநீரையும் வெகுவாகத் தாங்கும். அங்கே எப்போதும் இருக்கிறது, விலை நியானில் பாதி. சரக்கு செவ்வாயன்று இறங்குகிறது. புதனன்று சென்றால், முந்தைய வாரத்து மீன்கள் அப்போதுதான் முன்தொட்டிக்கு வந்திருக்கும். கூட்டமும் குறைவு, நின்று பார்த்து எடுக்கலாம்.