பேனா டேப்லெட்: தமிழ் வாத்தியார் வாங்கலாமா?

கொரோனாவால் ஆன்லைன் வகுப்பு நடந்த 2020 ஜூலையில் வாங்கினேன், மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கம்பெனிப் பெயர் வேண்டாம், இந்த விலையில் வருகிறவை எல்லாம் ஏறக்குறைய ஒரே ரகம்தான். சிலேட்டு அளவுக்கு ஒரு கறுப்புப் பலகை, சார்ஜ் போடத் தேவையில்லாத பேனா, கம்ப்யூட்டரில் செருக ஒரு கேபிள், மாற்றுப் பேனா முனைகள், அவ்வளவுதான் பெட்டியில். பலகையில் எதுவுமே தெரியாது, எழுதுவதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான் வரும். இது தெரியாமல் பார்சலைப் பிரித்த கையோடு கேபிள்கூடச் செருகாமல் கிறுக்கிப் பார்த்துவிட்டு, பழுதான சாமான் என்று திருப்பி அனுப்பப் போனேன். கணக்கு டீச்சர்தான் போனில் தடுத்தார்.

அதுவரை பாடப்புத்தகத்தின் பிடிஎஃப்பைத் திரையில் காட்டித்தான் வகுப்பு. செய்யுளும் உரைநடையும் அதில் ஓடிவிடும், வாய் இருந்தால் போதும். இடித்தது பத்தாம் வகுப்பு அலகிடுதல், அதாவது செய்யுளின் ஒவ்வொரு சீரையும் அசை அசையாகப் பிரித்து வாய்பாடு சொல்வது. ‘கற்க கசடறக் கற்பவை’ என்று கரும்பலகையில் எழுதி, கற், க என்று நடுவே கோடு இழுத்து, கீழே நேர் நேர், அதற்கும் கீழே தேமா, அடுத்து கச, டறக், நிரை நிரை, கருவிளம் என்று போய்க்கொண்டே இருந்தால், மூன்றாவது சீரில் சாக்பீஸ் படும் முன்பே பையன்கள் ‘கூவிளம்’ என்று கத்துவார்கள். அதையே தட்டச்சு செய்து காட்டினால் விடை முன்னாலேயே தெரிந்துவிடுகிறது, ஒருத்தனும் கத்துவதில்லை. கோடு கண்ணெதிரே விழவேண்டும். அதற்காகச் செல்போனை இரண்டு டப்பாவுக்கு நடுவே அடிஸ்கேலில் கட்டித் தொங்கவிட்டு நோட்டில் எழுதியும் பார்த்தேன், என் கை நிழல்தான் அழகாகத் தெரிந்தது.

சரி, பலகைக்கு வருகிறேன். முதல் வாரம் படுமோசம். கை இங்கே, கண் அங்கே. இருபத்து நாலு வருஷம் கரும்பலகையில் எழுதிய கை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நடுங்கியது. மூன்று சுழி போடப் போனால் இரண்டோடு மூச்சு வாங்கிவிடும். ‘ஐயா, அது றன்னகரமா டண்ணகரமா?’ என்று ஒரு பெண் கேட்டாள், தமிழ் வாத்தியாரைப் பார்த்து! மானம் போனாலும் அவள் கேட்டது சரிதான்.

கோளாறு பாதி என் கையில், பாதி அமைப்பில். பலகையின் நீள அகல விகிதம் வேறு, என் மடிக்கணினித் திரையுடையது வேறு. அப்படியே விட்டால் வட்டம் போட்டாலும் அமுங்கிய முட்டைதான் வரும், சுழி என்ன பாடுபடும் என்று சொல்லவேண்டியதில்லை. கூடவே நிறுவும் டிரைவர் மென்பொருளுக்குள் போய், விகிதத்தைத் திரையோடு பொருத்தச் சொல்லி ஒரு டிக் போட வேண்டும். பலகையின் அடியில் ஒரு துண்டு வீணாகும், போகட்டும். இன்னொன்று, நோட்டுப்புத்தகத்தைச் சாய்த்து வைத்து எழுதும் பழக்கத்தில் இதையும் சாய்த்தால் வரி மலையேறும். திரைக்கு நேராக வைத்துவிட்டுக் கையைத்தான் பழக்க வேண்டும். எனக்குப் பதினைந்து நாள் ஆனது, தினமும் இரவு பத்து குறள் எழுதி.

மென்பொருளுக்கு ஓப்பன்போர்டு, இலவசம். பாடப் பக்கத்தையே உள்ளே இழுத்து வைத்து அதன் மேல் கோடு போடலாம். கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது என்பது எனக்குப் பெரிய நிம்மதி, கூகுளின் ஜாம்போர்டு என்ற இணையப் பலகையையே நம்பியிருந்தவர்கள் 2024 கடைசியில் அது மூடப்பட்டபோது வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. வகுப்பில் முழுத் திரையையும் பகிராமல் ஓப்பன்போர்டு ஜன்னலை மட்டும் பகிருங்கள். எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் கணக்கு முழு வகுப்புக்கும் தெரியும், அப்படித்தான்.

என் பங்குத் தப்பு ஒன்று. என் திரையில் மெல்லிய கோடு பளிச்சென்று இருந்தது, ஒரு மாதம் அதிலேயே அசை பிரித்தேன். ஒருநாள் மகளின் செல்போனில் வகுப்புக்குள் நுழைந்து பார்த்தால் கோடே இல்லை! அத்தனை பிள்ளைகளும் பார்ப்பது உள்ளங்கை அகலத் திரையில். அப்புறம் பேனாவைத் தடிமனாக்கி, ஒரு பக்கத்துக்கு ஒரே அடி என்று எழுத ஆரம்பித்தேன்.

குறை என்றால் கேபிள் செருகும் வாய். ஒரு வருஷத்தில் லொடலொடத்தது, கை பட்டால் எழுத்து நிற்கும். ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டுகிறேன். செல்போனிலும் செருகலாம் என்று பெட்டியில் போட்டிருந்தார்கள், ஆனால் போனை நிமிர்த்தி வைத்தால் பலகையில் ஒரு மூலைதான் வேலை செய்கிறது. வெறும் செல்போனை வைத்துப் பாடம் நடத்துகிறவர்கள் இதை வாங்க வேண்டாம்.

2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்பு திரும்பவும் பள்ளிக்கு வந்ததும் இது பீரோவுக்குப் போனது. பிறகு புரொஜெக்டர் இருக்கும் அறை கிடைத்தபோது நீளமான கேபிளோடு எடுத்துப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினால் முன்னால் சுவரில் கோடு விழுகிறது. கடைசி பெஞ்ச்காரர்களுக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம்.

பேனா முனை தேயும். பெட்டியோடு வந்த எட்டில் இன்னும் இரண்டு பாக்கி.