ஆறு மாதம் பூச்சி அண்டாது என்று விற்ற தைலமும், வீணாய்ப் போன 2 மூட்டை கோதுமையும்

வீட்டில் தானியம் சேர்த்து வைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் தைலம் வாங்குங்கள்.

சாப்பிடுகிற பொருளில் ரசாயனம் வேண்டாம் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன். யூகலிப்டஸும் கிராம்பும் கலந்த சுத்தமான தைலம், கிலோவுக்கு ரெண்டு சொட்டு, சாக்கிலேயே போட்டு வைக்கலாம், ஆறு மாதத்துக்கு ஒரு வண்டு அண்டாது என்று இணையத்தில் ஒருவர் அடித்துச் சொல்லி விற்றார். பாட்டிலில் தாவரவியல் பெயர் இல்லை, வடித்த தேதியும் இல்லை. நம்பி வாங்கினேன்.

முதல் வாரம் அறையே மணந்தது. மூன்றாம் வாரம் வாசனை சுத்தமாகப் போய்விட்டது. ஏழாம் வாரம் மூட்டைக்குள் கையை விட்டால் உள்ளே சூடு, கை முழுக்க மாவு. ஒரு பிடி அள்ளி வெள்ளைத் தாளில் கொட்டினேன், பாதி மணிகளில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை, நடுவே மூக்கு நீண்ட அரிசி வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டு மூட்டையும் அப்படித்தான். வயிறு எரிந்தது.

அன்றைக்கே மிச்சமிருந்த தைலத்தில் ஒரு சொட்டைத் தாளில் விட்டு வைத்தேன். சுத்தமான யூகலிப்டஸ் தைலம் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடும், கறை என்று சொல்லும்படி எதுவும் நிற்காது. கிராம்பு எண்ணெய் போக அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும், சரி. ஆனால் மூன்று நாள் கழித்தும் தாளில் பலகாரம் வைத்தது போல் எண்ணெய் வட்டம், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது. ஏதோ சாதா எண்ணெயில் கொஞ்சம் வாசனை சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

கேட்டதற்கு, முதலில் நான் சரியாகக் கலக்கவில்லை என்றார். அப்புறம் தானியத்தில் முன்பே முட்டை இருந்திருக்கும் என்றார். அது இருக்கலாம்தான். பெண் வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைத்துப் பசையால் ஓட்டையை மூடிவிடும், புழுவும் கூட்டுப்புழுவும் ஏறக்குறைய ஒரு மாதம் அந்த மணிக்குள்ளேயே வளரும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆவி பெரும்பாலும் வெளியே திரியும் வண்டைத்தான் பிடிக்கும், உள்ளே இருப்பது தப்பிவிடும். இது தெரிந்தவர் எந்தத் தைரியத்தில் ஆறு மாத உத்தரவாதம் கொடுத்தார்?

யூகலிப்டஸில் உள்ள சினியோலும் கிராம்பில் உள்ள யூஜினாலும் வண்டைக் கொல்வது உண்மைதான். ஆனால் அதைக் காட்டிய ஆய்வகச் சோதனைகளில் பெரும்பாலானவை காற்றுப் புகாத சின்ன ஜாடிக்குள் நடந்தவை. சாக்கில் ஆவி நிற்காது, போதாக்குறைக்குத் தானியமே எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். விதைக்கு வைத்திருந்ததில் நல்லவேளை ஊற்றவில்லை, இந்த எண்ணெய்கள் முளைப்பையும் கெடுக்கக்கூடியவை.

இப்போது நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் விளிம்புவரை நிரப்பி மூடுகிறேன், உள்ளே இருக்கிற பூச்சிக்கே மூச்சு முட்டும். கொஞ்சமாக இருந்தால் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம்.

உங்களிடம் யாராவது தானியத் தைலம் விற்க வந்தால் எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு கொள்ளளவுக்கு எத்தனை மில்லி, மூடிய கலத்திலா திறந்த சாக்கிலா என்று கேளுங்கள். என்னிடம் விற்றவரிடம் இந்த மூன்றையும் எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை, என் எண்ணைத் தடுத்துவிட்டார்.