கல்லடி வயலின் வகுப்பு: "காது இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளையோடு 14 மாதம்

மட்டக்களப்பில் பிள்ளைக்கு வயலின் பழக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், முக்கியமாக வேறெங்கோ போய் "உங்கட பிள்ளைக்கு ஞானம் இல்லை" என்று கேட்டு மனம் நொந்து திரும்பியவர்களுக்காக. என் மகளுக்கு அது 8 வயதில் நடந்தது. டவுனில் ஒரு வகுப்பு, எது என்று சொல்ல விரும்பவில்லை. முதல் நாளே நாலு சுரம் பாடச் சொன்னார்கள், அவள் பயத்தில் சுருதி சேராமல் பாடினாள், "இதுக்குப் பிறவியிலேயே காது இருக்க வேணும், வேற ஏதாவது பழக்குங்கோ" என்று அவளுக்கு முன்னாலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது ஓட்டோவில் அவள் கேட்டாள்: "அப்பா, காதுக்கு மருந்து இருக்கா?"

பிறகு ஒருவர் சொல்லித்தான் இந்த வகுப்பைக் கண்டுபிடித்தோம். கல்லடிப் பாலம் தாண்டி, கடற்கரைப் பக்கம் போகும் ஒரு ஒழுங்கையில், டீச்சர் வீட்டு விறாந்தையிலேயே நடக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. நான் பழைய கதையை ஆரம்பிக்க, டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதை மறுகா பாப்பம். முதல்ல பிள்ளை வந்து இருக்கட்டும்." சோதனை எதுவும் வைக்கவில்லை.

முதல் இரண்டு மாதம் வயலினைத் தொடவே விடவில்லை. ஃபோனில் சுருதியைப் போட்டுவிட்டு அதோடு சேர்ந்து ஷட்ஜம் (ச), பஞ்சமம் (ப), மேல் ஷட்ஜம், அப்புறம் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை, எல்லாம் வாயால்தான். காசு கட்டிவிட்டு இதற்கா வந்தோம் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது, இப்போதுதான் காரணம் விளங்குகிறது. வயலினில் வீணை மாதிரி மெட்டுக் கட்டைகள் இல்லை, விரலை எங்கே வைப்பது என்று காட்ட எதுவும் இல்லை, காதுதான் விரலுக்கு வழி சொல்ல வேண்டும், அந்தக் காதைத் தொண்டை வழியாகத்தான் முதலில் பழக்குகிறார். அதன் பிறகு ஆறு கிழமை வெறும் தந்தியில் வில்லை நேராக இழுப்பது மட்டும்.

மகளுக்குச் சிக்கல் வந்த இடம் காந்தாரம், அதாவது "க" சுரம். தொடக்கப் பாடங்கள் பழக்கும் மாயாமாளவகௌளை ராகத்தில் காந்தாரமும் மத்திமமும் (ம) ஒன்றை ஒன்று ஒட்டி நிற்க வேண்டும், இவளுடைய விரலோ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழேயே போய் விழும். ஐந்து மாதம் இதே பிழை. டீச்சர் ஒரு நாளும் "பிழை" என்று கத்தவில்லை, அவள் வாசித்ததை ஃபோனில் பதிந்து அவளுக்கே போட்டுக் காட்டி, எங்கே சறுக்குகிறது என்று அவளையே சொல்ல வைத்தார். ஆரம்பத்தில் அவளுக்கு வித்தியாசமே கேட்கவில்லை, பிறகு பாதி தரம் கேட்டது, ஒரு நாள் விரலை வைத்த கையோடு தானே முகத்தைச் சுளித்து விரலை மேலே நகர்த்தினாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். என் தங்கையின் மகன் அதே மாதம்தான் சேர்ந்தான். கோயில் திருவிழாவில் கேட்ட நாதஸ்வர மெட்டை வீட்டுக்கு வந்து அப்படியே பாடுகிற பிள்ளை. மகள் ஐந்து மாதம் போராடிப் பிடித்த காந்தாரத்தை அவன் மூன்று கிழமையில் பிடித்தான். பிறவித் திறமை என்று ஒன்று இருக்கிறது, அதை மகளிடம் மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அவனுக்கும் இங்கே சலுகை கிடையாது. காதால் கேட்டுச் சமாளித்துக்கொண்டு போனதால் வில் இழுப்பு கரகரவென்று இருந்தது, டீச்சர் அவனைத் திரும்ப முதலாம் காலத்தில், ஆக மெதுவான வேகத்தில், கொண்டுபோய் விட்டார், அவன் இரண்டு கிழமை கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிட்டுத்தான் வந்தான்.

இந்த விஷயம் மனதைக் குடைந்ததால் கொஞ்சம் தேடி வாசித்தேன். 1993இல் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் பெர்லினில் வயலின் மாணவர்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 18 வயதுக்குள் முதல்தர மாணவர்கள் தனியே சாதகம் (பயிற்சி) செய்தது சராசரியாக 7,410 மணித்தியாலம், அடுத்த நிலையினர் 5,301, சங்கீத ஆசிரியர் படிப்புக்குப் போனவர்கள் 3,420. 10,000 மணித்தியாலம் பழகினால் எதிலும் வல்லவர் ஆகலாம் என்று எல்லாரும் சொல்கிற கதை இங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால் 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சங்கீதத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் 21 சதவீதத்தைத்தான் சாதகத்தால் விளக்க முடிந்தது. மிச்சமெல்லாம் பிறவி என்றும் எடுத்துவிடக் கூடாது, தொடங்கிய வயது, வாத்தியார், வீட்டுச் சூழல் என்று எத்தனையோ இருக்கிறது. அப்படியிருக்க 8 வயதுப் பிள்ளையைப் பத்து நிமிடத்தில் அளந்து தீர்ப்புச் சொல்ல யாருக்கு முடியும்? நம் கிழக்குக் கரைக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்தவர், பத்து வருடத்துக்கு மேல் ஆராய்ந்துதான் 1947இல் பழந்தமிழ் இசை பற்றிய யாழ் நூலை வெளியிட்டார். நம்முடைய மண்ணில் இருந்துகொண்டு நாம் பிள்ளைகளிடம் இவ்வளவு அவசரப்படக் கூடாது.

சரி, குறைகளும் உண்டு. சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்பது பிள்ளைகள், ஆளுக்குத் தனியாகப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். விறாந்தையில் ஒரே ஒரு ஃபேன், சித்திரை வெயிலில் பிள்ளைகள் வேர்த்து வடிகிறார்கள், விரல் தந்தியில் வழுக்குகிறது. மாதம் 3,000 ரூபாய், வராத நாளுக்குக் கழிவு இல்லை. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு அவசரமாக ஏற்ற வேண்டும் என்றால் இது சரிவராது, பிள்ளை தயார் என்று தனக்குத் தோன்றும்வரை டீச்சர் விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க மாட்டார். வீட்டில் தினமும் அரை மணித்தியாலம் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் கட்டாயமாகச் சொல்கிறார். எங்கள் வீட்டில் அது அவளுடைய அம்மம்மா. அவருக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் மகளுக்கு முன்னமே பிழையைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

மகள் இப்போது மலஹரி ராகக் கீதத்தில், தொடக்கப் பாட்டில், நிற்கிறாள். தங்கை மகன் அதைவிடக் கடினமான வர்ணத்துக்குப் போய்விட்டான். இரண்டு பேரும் ஒரே பாயில்தான் இருக்கிறார்கள்.

புதுப் பிள்ளைகளை விஜயதசமிக்கு மட்டும்தான் எடுக்கிறார், இடமும் குறைவு, அதனால் ஆவணியிலேயே போய்ச் சொல்லி வையுங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை, பாடச் சொல்லிக் கேட்க மாட்டார்.